வாய் படாத கோப்பை

ஜூலை 7, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஆறு கிலோ மண் பிசையத் தொடங்கி, பாதியில் ஈரத்துணி போட்டு மூடிவிட்டு ஆஸ்பத்திரி.

அப்பாவுக்கு விழுங்கும் பரிசோதனை. பக்கவாதம் வந்து நான்கு மாதம். வலது கை பாதி, பேச்சு பாதி, தொண்டை பாதி. சிகிச்சையாளர் ஹஸ்லினா, மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். பென்சிலால் ஒரு தலை வரைந்து காட்டினார். தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீர் நுரையீரலுக்கு. முகவாய் நெஞ்சுப் பக்கம் இறங்கினால் வயிற்றுக்கு.

"டாகு பாவா, அங்கிள்." முகவாய் கீழே.

அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். கோப்பை கைக்கு வந்ததும் தலை பின்னால் போய்விட்டது. இருமல். கண்ணில் நீர்.

28ஆம் தேதி மறுபடி. அன்றும் இப்படியென்றால் டியூப். இந்த முறை மூக்கு வழியாக இல்லை, வயிற்றில் துளை போட்டு. மூக்கில் போட்டதை வார்டில் இரண்டு தடவை பிடுங்கி எறிந்தவர். புரையேறாமல் இருக்க பவுடர் போட்டுக் கெட்டியாக்கி, கரண்டியில் எவ்வளவு கொடுத்தாலும் உடம்புக்குத் தேவையான நீர் போகவில்லையாம். தானாகக் குடித்தே ஆக வேண்டும்.

ஒரு பிளாஸ்டிக் கோப்பை கொடுத்தனுப்பினார்கள். விளிம்பில் ஒரு பக்கம் அரைவட்ட வெட்டு, மூக்குக்கு இடம். தலையைச் சாய்க்காமலே கடைசிச் சொட்டு வரை குடிக்கலாம். நல்ல யோசனை, மோசமான பொருள். வீட்டுக்கு வந்ததும் அப்பா இடது கையால் தட்டிவிட்டார்.

"நாய்க்கு வெச்ச மாதிரி."

நான்கு மாதத்தில் தெளிவாக வந்த வாக்கியம் இது ஒன்றுதான்.

மூன்று வாரம். நான் கோப்பை செய்து பிழைக்கிறவள்.


ஜூலை 8, புதன்

பழைய நோட்டைப் புரட்டினேன். இரண்டு வருடமாக எங்கிருந்து வடிவம் எடுத்திருக்கிறேன் என்று:

– தஞ்சோங் காராங் வாய்க்கால், தண்ணீர் நிறுத்திய மறுநாள், ஓரச் சேற்றின் வெடிப்பு
– சந்தையில் கவிழ்த்து அடுக்கிய வாளிகள்
– எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் குலையில் காம்பு வெட்டிய முகம்
– சிப்பி ஓடு. சூளையில் கோப்பைக்கு அடியில் வைத்தால் எரிந்து வரி விடும்
– உமிச் சாம்பல் கரைத்த பூச்சு. நடுவில் பால் வெள்ளை, விளிம்பில் பழுப்பு

ஓர் இடத்திலும் தொண்டை இல்லை. கை இல்லை. ஆளே இல்லை.

பல்கலையில் கடைசி வருடக் கட்டுரை கோப்பையின் விளிம்பைப் பற்றி. நாற்பது பக்கம். நல்ல மதிப்பெண்.

ஷா ஆலம் காப்பிக் கடைக்காரரிடமிருந்து செய்தி. "மின்மினி கலர்ல பண்ண முடியுமா சிஸ்?" எங்கள் ஊர் கோலசிலாங்கூர் என்றால் எல்லோருக்கும் இரவில் படகில் போய்ப் பார்க்கும் மின்மினிதான். பதினாறு கோப்பை. ஆகஸ்டில்தான் முடியும் என்று பதில்.

மாலையில் அப்பாவுக்கு அளவெடுப்பு. இடது உள்ளங்கை, விரல் வளைவு. ஸ்கேலை மூக்கருகே கொண்டுபோனேன்.

அம்மா: "என்னடி, சட்டை தைக்கப் போறியா?"

"மூக்குக்கும்மா."

"அந்த மூக்கப் பாத்துத்தான் எங்கப்பா பொண்ணக் குடுத்தாரு. நல்லா அளந்துக்க."

அப்பாவின் வாயில் இடது ஓரம் மேலே போனது. வலது ஓரம் வரவில்லை.


ஜூலை 10, வெள்ளி

சக்கரத்தில் ஐந்து. அடி கனமாக, இடுப்பு ஒடுங்கி, விரல் வழுக்காமல் இருக்க நடுவில் ஒரு வரம்பு. பிடி வேண்டாம், பிடியில் நுழைத்தால் விரல்கள் பின்னிக்கொள்கின்றன. நாளை பாதி காய்ந்ததும் மூக்கு வெட்டு.

அடியில் ஒரு சின்ன எழுத்து அழுத்தினேன். வீ. வீரையா.

இதுவரை அப்பாவுக்கென்று எதுவும் செய்ததில்லை. யார் யாருக்கோ செய்திருக்கிறேன். அவர் ஒரு தடவை என் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்து "வெயிட்டு" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் கலை பற்றிய உரையாடல்.


ஜூலை 12, ஞாயிறு

சுங்கை சோவிலிருந்து அண்ணன். தொழிற்சாலையில் வாரம் முழுக்க இரவு ஷிப்ட், கண்ணுக்கடியில் கறுப்பு. அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டான். அது அவன் வேலை, வேறு யாரையும் விடமாட்டான்.

பிறகு பின்கட்டுக்கு வந்து காயும் கோப்பைகளைப் பார்த்தான். தொடவில்லை.

"டியூப் போட்டுடலாம் லா. எல்லாருக்கும் நிம்மதி."

"அப்பாவுக்கு?"

"நீ கலை பண்ணு, வேணாம்னு சொல்லல. இது அவரு உயிர் லா."

"குடிக்கிறதும் உயிர்தானே."

"நீ அன்னிக்கு வார்டுல இல்ல." குரலை இறக்கினான். "தேத்தண்ணி ஒரு வாய். ஒரே ஒரு வாய். நீலமாயிட்டாரு. நர்ஸ் ஓடி வர்ற வரைக்கும் நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அன்று நான் கோலாலம்பூரில், ஒரு கைவினைச் சந்தையில்.

கிளம்பும்போது சொன்னான்: "28க்கு நான் லீவு போட்டு வரேன். கார் ஓட்ட. டாக்டர் என்ன சொல்றாரோ அதான்."


ஜூலை 15, புதன்

முதல் சூடு முடிந்து சூளை திறந்தேன். மின்சூளை, துணி துவைக்கும் மெஷின் அளவு. ஐந்தில் மூன்று கோணல். வெட்டிய இடத்தில் வட்டம் அறுந்துபோகிறது, சூட்டில் வாய் பிளந்துகொள்கிறது. தெரிந்திருக்க வேண்டும். அவசரம்.

இரண்டு தேறின. பூச்சில் முக்கி, நாளைக்கு இரண்டாம் சூடு.

வாங்க: கெட்டியாக்கும் பவுடர் 1 டின், அம்மாவுக்கு மூட்டுத் தைலம், சூளைத் தட்டுக்குத் தடவும் மாவு.


ஜூலை 18, சனி

கோப்பை நன்றாக வந்திருக்கிறது. விளிம்பு மெல்லிசு, பழுப்பு. காப்பிக் கடைக்காரர் பார்த்தால் இதைத்தான் கேட்பார்.

நாலரை மணி. ஆறிய தேநீர், பவுடர் ஒன்றரைக் கரண்டி. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து. அம்மா பின்னால். கோப்பையை இடது கையில் கொடுத்தேன். வரம்பில் விரல் சரியாக உட்கார்ந்தது.

"டாகு பாவாப்பா."

தூக்கினார். வாய் வரை வந்தது. நிற்கவில்லை. இன்னும் மேலே. உதட்டுக்கு இரண்டு விரல் உயரத்தில் கோப்பை, தலை முழுக்கப் பின்னால், அண்ணாந்து ஊற்றினார். தேநீர் வெட்டு வழியாகக் கன்னத்தில், கழுத்தில், சட்டையில். கொஞ்சம் தொண்டையில். அந்தக் கொஞ்சம் போதும். இருமல் நிற்க வெகு நேரம். அம்மா முதுகைத் தட்டிக்கொண்டே "முருகா, முருகா".

அடங்கியதும் அப்பா கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். பெருவிரலால் எழுத்தைத் தடவினார்.

"எனக்கு... மட்டுமா?"

"ஆமாப்பா. உங்களுக்கு மட்டும்தான். வேற யாரும் தொடமாட்டாங்க." பெருமையாகவே சொன்னேன்.

பக்கத்தில் மேசை இருந்தது. அவர் குனிந்து, சிரமப்பட்டு, கோப்பையைத் தரையில் வைத்தார். நாற்காலிக்கு வெளிப்பக்கமாக. பிறகு ஒரு விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

அம்மா பார்த்தார். எடுத்துக்கொண்டு போனார்.

எழுதும்போது ஒன்று உறைக்கிறது. அவர் உதடு ஒரு கோப்பையைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அம்மாவும் அண்ணாந்துதான் குடிப்பார். நானும் சின்ன வயதில் அப்படித்தான். வாய் வைத்துக் குடிக்கப் பழகியது பல்கலை விடுதியில். எந்த நாளில் என்று நினைவில்லை. யாரும் உதடு வைக்காத வீட்டிலிருந்து போய் விளிம்பைப் பற்றி நாற்பது பக்கம்.

ஹஸ்லினாவின் கோப்பை, என் கோப்பை, எல்லாமே வாய் வைத்துக் குடிப்பவருக்குச் செய்தது.


ஜூலை 19, ஞாயிறு

அண்ணன் வரவில்லை, ஓவர்டைம். அம்மா நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கிள்ளினேன். கேட்டேன். அப்பா ஏன் வாய் வைப்பதில்லை?

அம்மா சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

"அவரு சின்னப் பையனா இருக்கறப்ப, எஸ்டேட்ல ரப்பர் பால் நிறுக்கிற கொட்டாய் இருக்கும். அங்க தேத்தண்ணி குடுப்பாங்க. உள்ள பலகையில குடிக்கிற மங்கு அடுக்கி இருக்கும், எல்லாருக்கும். நம்ம சாதி ஆளுங்களுக்கு மட்டும் வெளியில. தூணுல ஆணி அடிச்சு ஒரு தகர மங்கு தொங்கும். குடிச்சிட்டு, நாமளே கழுவி, அங்கயே மாட்டணும்."

"யாரு வெச்சாங்க? தொரையா?"

"தொரைக்கு என்னா தெரியும்? எல்லாம் நம்ம தமிழாளுங்கதான். அதே லயத்து வரிசை வீடுங்கள்ல இருக்கிறவங்கதான்."

நெத்திலித் தலைகள் செய்தித்தாளில் குவிந்தன.

"அவங்கப்பா அதுலதான் குடிப்பாரு. இவரு தொடமாட்டேன்னுட்டாரு. பத்து வயசுல. அடி வாங்கியும் தொடல. அப்புறம் இவரு வேலைக்குச் சேர்றப்ப அதெல்லாம் போயிடுச்சு. செம்பனைக் குலை வெட்டுற கூட்டத்துக்கே ஒரு வாளி, ஒரு மங்கு. ஆனா இவரு வாய் வெக்கல. என்கிட்ட ஒருவாட்டி சொன்னாரு, கட்டிக்கிட்ட புதுசுல. நான் வாய் வெச்சா எனக்கப்புறம் எவனாவது அதக் கழுவுவான், கழுவுறத நான் பாக்கணுமா, அப்படின்னாரு. அவ்வளவுதான். அப்புறம் பேசல. நானும் அவரப் பாத்து அப்படியே பழகிட்டேன்."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்களுக்கு எதுக்கு? படிக்கிற பிள்ளைங்க."

அப்பா கூடத்தில் தொலைக்காட்சிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஒலி இல்லாமல்.

அந்த மனிதருக்குத் தனியாக ஒரு கோப்பை செய்து, அடையாளமும் போட்டு, உங்களுக்கு மட்டும்தான், வேறு யாரும் தொடமாட்டார்கள் என்று நானே வாயால் சொல்லியிருக்கிறேன்.


ஜூலை 20, திங்கள்

சுட்டதைத் திரும்ப மண்ணாக்க முடியாது. இரண்டையும் சுத்தியலால் உடைத்தேன்.

சக்கரத்தில் பத்து. அப்பாவுக்கு இல்லை, வீட்டுக்கு. இந்த வீட்டில் இனி எல்லோரும் இதில்தான் குடிக்க வேண்டும், எல்லாவற்றிலும் மூக்கு வெட்டு. அடியில் எழுத்து கிடையாது.

கையால் செய்தது தெரிய வேண்டும், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறாக இருப்பதுதான் அழகு என்று படித்தேன், நம்பினேன், வாங்குகிறவர்களிடமும் சொல்லி வந்தேன். இன்று தராசு, அளவுகோல். ஒவ்வொரு உருண்டையும் முந்நூற்றெண்பது கிராம். ஒன்றை மற்றதிலிருந்து யாராலும் பிரித்தெடுக்க முடியக் கூடாது. இதுவரை செய்ததில் இதுதான் கடினம். கை தன்பாட்டுக்கு வித்தியாசம் பண்ணுகிறது.

பத்தாவதை முடித்தபோது இடுப்பு நிமிரவில்லை.


ஜூலை 21, செவ்வாய்

மூக்கு வெட்டு, பத்துக்கும். இந்த முறை ஆழம் குறைவு, வெட்டின் ஓரம் தடிமன். முதல் சூட்டில் இரண்டிரண்டாக வாயோடு வாய் கவிழ்த்து அடுக்க வேண்டும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

உமிச் சாம்பல் தீர்ந்துவிட்டது. ஸ்கூட்டரில் தஞ்சோங் காராங். அறுவடை, சாலை முழுக்க வைக்கோல் தூசி. அரிசி ஆலைக்காரர் ஒரு மூட்டை கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். கோப்பை செய்ய என்றேன், மலாயில் சாவான். சாம்பலில் கோப்பையா என்று ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஹெல்மெட்டுக்குள் கொஞ்சம் அழுகை. ஏன் என்று தெரியவில்லை.


ஜூலை 23, வியாழன்

ஊரெங்கும் காட்டுத்தீப் புகைமூட்டம். அப்பாவுக்குச் சூடு, 37.8. கிளினிக். நெஞ்சில் சளி இல்லை என்றார் டாக்டர், தண்ணீர் போதவில்லை, உதடு பாருங்கள் என்றார். பார்த்தேன். வெடித்திருக்கிறது.

அண்ணனின் போன். அம்மா சொல்லிவிட்டார் போல.

"ஒரு வாரம் காத்திருக்கணுமா? நாளைக்கே டியூப் கேட்போம்."

"அஞ்சு நாள்தான்ணா."

"உன் சூளைக்காகக் காத்திருக்கோம், தெரியுதா?"

தெரிகிறது. வாயோடு வாய் அடுக்கி முடித்தேன். நாளை காலை முதல் சூடு. ஈரம் முழுதும் போகவில்லை. மெதுவாக ஏற்ற வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே வெடிக்கும்.


ஜூலை 25, சனி

பத்தில் ஒன்று வெடித்தது. ஒன்பது நேராக. பூச்சு போட்டாயிற்று. நாளை இரண்டாம் சூடு.

தூங்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தொண்டைக்குழி ஏறி இறங்குவது. நாற்பது வருடம் முப்பதடிக் கோலில் அரிவாள் கட்டி, அண்ணாந்து பார்த்துச் செம்பனைக் குலை வெட்டியவர். வேலையும் அண்ணாந்து, குடித்ததும் அண்ணாந்து. இப்போது எல்லோரும் குனி என்கிறோம்.

அதை அவரிடம் கேட்க எனக்கு உரிமை உண்டா? பத்து வயதில் எடுத்த முடிவு. அதைக் கைவிடு என்று சொல்லவில்லை. கழுவ யாரும் இல்லை என்று காட்ட வேண்டும். எப்படி?


ஜூலை 27, திங்கள்

காலை மழை, கொஞ்சம். புகை இறங்கியது.

சூளை திறப்பு. ஒன்றில் பூச்சு சுருண்டுவிட்டது. எட்டு தேறின. மேசையில் வரிசையாக வைத்து, கண்ணை மூடி இடம் மாற்றி, திறந்து பார்த்தேன். எதை முதலில் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சரி.

மாலையில் அண்ணன் வந்தான். நாளைக்குக் கார். அவனிடம் கொட்டாய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து வாசல் பக்கம் போனான். அவனுக்கும் தெரியாது.

ஐந்தரைக்குத் தேநீர். எல்லோருக்கும் ஒரே மாதிரி, பவுடர் போட்டு. அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்: எல்லோரும் வாய் வைத்து.

"நானுமா? அறுபத்து மூணு வயசுல?"

"நீங்களும்தான்."

அம்மா முதலில். மூக்கு வெட்டுக்குள் மூக்கு, கோப்பையில் உதடு. முகம் சுளித்தார். "கூழு மாதிரி இருக்கு. இதையா இவருக்கு நாலு மாசமா குடுக்கிறோம்?"

அண்ணன்: "பசை லா இது. போஸ்டர் ஒட்டலாம்."

"டாகு பாவா!" அம்மா அவன் தலையில் தட்டினார்.

அப்பா ஒவ்வொருவராகப் பார்த்தார். கோப்பைகள் தட்டுக்குத் திரும்பின, கலந்தன. அம்மா அதிலேயே மறுபடி ஊற்றினார், கழுவாமல். யாருடையது யாரிடம் போயிற்று என்று தெரியாது. ஒன்று அப்பாவின் கையில்.

தூக்கிச் சாய்த்து அடியைப் பார்த்தார். தேநீர் கொஞ்சம் மடியில் சிந்தியது. அடியில் ஒன்றுமில்லை. எட்டி என் கோப்பையையும் காட்டச் சைகை. தூக்கி அடியைக் காட்டினேன். அண்ணனுடையதும்.

குடிக்கவில்லை. ஆனால் வெகுநேரம் வைத்திருந்தார், ஆறி ஆடை கட்டும் வரை. பிறகு மேசையில் வைத்தார்.

மேசையில்.


ஜூலை 28, செவ்வாய்

டியூப் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

கூடையில் செய்தித்தாள் சுற்றி ஐந்து கோப்பை கொண்டுபோனோம். ஏன் ஐந்து என்றார் ஹஸ்லினா. மலாயும் ஆங்கிலமுமாகச் சொன்னேன், தூண், ஆணி, தகர மங்கு. முழுதும் புரிந்ததா தெரியாது. எழுந்து கதவைச் சாத்தி, ஐந்திலும் தண்ணீர் ஊற்றி, ஐந்திலும் பவுடர் கலந்தார். ஒன்றைத் தானும் எடுத்து, முகவாயைத் தாழ்த்தி, குடித்துக் காட்டினார். அம்மா. நான். அண்ணன், சுவரில் சாய்ந்தபடி.

அப்பா தூக்கினார். வாய் வரை வந்தது. நின்றது.

தண்ணீர் கோப்பைக்குள் ஆடியது.

உதடு வெடித்திருந்ததால் விளிம்பில் ஒட்டியது, பார்த்தேன். முகவாய் இறங்கியது. தொண்டை ஏறி இறங்கியது. ஹஸ்லினா கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருமல் இல்லை.

"பாகுஸ். லாகி, அங்கிள்." நல்லது, இன்னொரு வாய்.

அப்பா குடிக்கவில்லை. கோப்பையை எடுத்து நீட்டினார். என்னிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை. சுவரோரம் நின்ற அண்ணனிடம்.

"குடி."

ஹஸ்லினா, அது அவருடையது, மாற்ற வேண்டாம் என்று தொடங்கினார். அம்மா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

அண்ணன் வந்து வாங்கினான். அப்பா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பக்கம் போகிறதா, துடைக்கிறதா என்று. அவன் துடைக்கவில்லை. அப்பாவின் உதடு பட்ட ஈரம் விளிம்பில் தெரிந்தது, அதே இடத்தில் வாய் வைத்து ஒரு மடக்கு குடித்தான். கண் சிவந்திருந்தது. "இதுவும் பசைதான்பா" என்றான்.

திருப்பிக் கொடுத்தான். அப்பா வாங்கினார், வாய் வைக்கக் குனிந்தார்.